கடையில் மகனோடு பேசுவது

தேனிப் பக்கம் சின்னதாக ஒரு மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். டியூஷன் முடிந்ததும் கடைக்கு வந்து சரக்கு அடுக்கித் தருவான். போதையைப் பற்றி நாங்கள் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வீட்டில் உட்காரவைத்து ஆரம்பித்தால் இந்த வயதுப் பிள்ளைகள் காதை மூடிக்கொள்வார்கள். கையில் வேலை இருந்தால் அவர்களே கேட்பார்கள்.

"டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரைதானேப்பா, அதுல என்ன ஆபத்து?" என்று ஒருநாள் கேட்டான். டேபென்டடாலைத்தான் சொன்னான். கடுமையான வலிக்கு, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. அதைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள் சில பையன்கள். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. நான் எதையும் மறைக்காமல் விளக்கினேன். மாத்திரையில் மருந்தோடு சேர்க்கிற மாவு, டால்க் போன்றவை கரையாது. ரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைக்கும். ஊசியை மாற்றி மாற்றிப் போட்டால் ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் சி வரும். மருந்தே மூச்சை மந்தப்படுத்தக்கூடியது. அதோடு மதுவும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். "செத்துப்போவ" என்று மொட்டையாகச் சொல்லியிருந்தால் அவன் இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டான்.

கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. உதட்டுக்குள் வைத்தால் புகையும் வராது, வாத்தியாருக்கும் தெரியாது என்று அவனே சொன்னான். குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013லேயே தடை வந்தும் பிள்ளைகள் கைக்கு இது கிடைக்கிறது. எனக்கு ஆறாத கோபம் இது.

ஆனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு. கூட இருக்கிறவன் மயங்கி விழுந்தால் பயந்து ஓடாதே. ஒருக்களித்துப் படுக்க வை, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கும். 108க்குக் கூப்பிடு. என்ன சாப்பிட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காதே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிவாங்கிய, கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால் என்ற விஷம் கூட முதல் சில மணி நேரம் சாதாரண போதை மாதிரித்தான் தெரியும்; அதற்குள் வைத்தியம் தொடங்கினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் எனக்கு போன் பண்ணு. எந்த ராத்திரியானாலும் வருவேன். நீயே குடித்திருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி, பேச்செல்லாம் பிறகுதான்.

அவன் போனில் 14416 எண்ணையும் பதிந்து கொடுத்திருக்கிறேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். என்னிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லட்டும்.