மலையேறும் டன்ட்ராவுக்கு ஒரு சூப்பர்சார்ஜர்

என் 2015 டொயோட்டா டன்ட்ரா பிக்கப் டிரக்கில் சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கருவி, போட்டிருக்கிறேன் என்று சொன்னதும், டென்வரில் இருக்கும் நண்பர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி: "அறுபது மைல் வேகத்தை எத்தனை செகண்டில் தொடுது?" அதை நான் அளந்து பார்க்கவே இல்லை. பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரைக்கும் வண்டி திணறாமல் ஏற வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கொலராடோவில் பாரம் இழுப்பவர்களுக்கு இதைப் பற்றித் தமிழில் விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டன்ட்ரா ஒன்றும் பலம் குறைந்த வண்டி இல்லை. 5.7 லிட்டர் வி8 எஞ்சின், 381 குதிரைத்திறன், 401 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). சமதளத்தில் எங்கள் டிரெய்லரை, சாமான் எல்லாம் ஏற்றினால் 6,500 பவுண்டு வரும், அலட்டிக்கொள்ளாமல் இழுத்துப் போகும். பிரச்சினை காற்றில் இருக்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). 5,280 அடி உயரத்தில் இருக்கும் டென்வரில் அது ஏறக்குறைய 12. சுரங்கப்பாதையின் மேற்கு வாசல் 11,158 அடியில் இருக்கிறது. அங்கே 10-க்கும் கொஞ்சம் கீழே போய்விடுகிறது. அதாவது சிலிண்டருக்குள் போக வேண்டிய காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் போகிறது. காற்று குறைந்தால் அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். கணக்குப் போட்டால் 381 குதிரை 250-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. டிரெய்லரின் எடை மட்டும் ஒரு பவுண்டுகூடக் குறைவதில்லை.

ஜார்ஜ்டவுனில் இருந்து சில்வர் ப்ளூம் வரைக்கும் உள்ள ஏற்றத்தில் இதை உடம்பிலேயே உணரலாம். கியர் நான்கில் இருந்து மூன்று, மூன்றில் இருந்து இரண்டு என்று இறங்கும். ஆர்பிஎம் ஐயாயிரத்தைத் தாண்டிக் கத்தும். அப்போதும் வேகம் கூடாது. வலது ஓரத்தில் பெரிய லாரிகளின் பின்னால் நாற்பது மைலில் ஊர்ந்துகொண்டு, இதே எஞ்சின் கடல் மட்டத்தை ஒட்டிய ஹூஸ்டனில் எப்படி இழுக்கும் என்று யோசித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

வண்டியை விற்றுவிட்டு டர்போ எஞ்சின் உள்ள புதிய வண்டி வாங்கலாம் என்பது ஒரு வழி. 2022-ல் இருந்து டன்ட்ராவே இரட்டை டர்போ வி6-க்கு மாறிவிட்டது. எனக்கு அதில் மனம் போகவில்லை. இந்த வி8-இன் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும். இதில் பெட்ரோல் இன்டேக் போர்ட்டில்தான், அதாவது சிலிண்டருக்கு வெளியே காற்று வரும் பாதையில்தான், பீய்ச்சப்படுகிறது, நேரடி இன்ஜெக்‌ஷன் இல்லை, அமுக்க விகிதமும் 10.2 தான். காற்றை அழுத்திக் கொடுத்தாலும் தாங்குகிற எஞ்சின். டொயோட்டாவே ஒரு காலத்தில் இதே எஞ்சினுக்கு டிஆர்டி என்ற தன் பந்தயப் பிரிவின் பெயரில் சூப்பர்சார்ஜர் விற்றது; அதோடு 504 குதிரைத்திறன், 550 பவுண்டு-அடி டார்க். அதைச் செய்து கொடுத்த மேக்னசன் நிறுவனம், டொயோட்டா விற்பதை நிறுத்திய பிறகும் தன் பெயரில் கிட் விற்றது. நான் வாங்கியது அதைத்தான்.

உயரத்தில் எஞ்சினுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் யோசனைக்கும் இந்த மாநிலத்துக்கும் பழைய உறவு உண்டு. 1918-ல் ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சினியர் சான்ஃபோர்டு மாஸ், லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை லாரியில் ஏற்றி பைக்ஸ் பீக் உச்சிக்கே கொண்டுபோனார். 14,000 அடிக்கும் மேலே. கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் அங்கே 230 தான் தந்தது. எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழலும் அவருடைய டர்போ சூப்பர்சார்ஜரை மாட்டியதும் 356. நூறு வருடத்துக்கு முன்பே இந்த மலையில் ஒருவர் இதற்கு விடை கண்டுவிட்டார் என்று படித்தபோது எனக்குப் புல்லரித்தது. என் வீட்டில் இருந்து தெளிவான நாளில் பைக்ஸ் பீக் தெரியும்.

நாமக்கல்லில் இருக்கும் என் சித்தப்பா நாற்பது வருடம் லேலண்டு லாரி ஓட்டியவர். போனில் சொன்னதும் கேட்டார்: "ஏங்கண்ணு, டர்போவா போட்டிருக்க?"

"இல்லீங்க சித்தப்பா. டர்போ பொகை வர்ற வேகத்துல சுத்தும். இது பெல்ட்டுல சுத்தறது."

"அப்பறம் எஞ்சின் பலத்தைத் தின்னுமே?"

அனுபவசாலி. சரியான இடத்தில் கை வைத்தார். ஆமாம், தின்னும். ஆனால் தின்பதை விடக் கொடுப்பது அதிகம். இதன் மூதாதை ரூட்ஸ் ஊதுகலம். இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கியது. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊத அது பயன்பட்டது. என் வண்டியில் இருப்பது ஈட்டன் நிறுவனத்தின் டிவிஎஸ் 1900 என்ற மாடல். நான்கு இதழ் கொண்ட, முறுக்கிய இரண்டு ரோட்டர்கள் ஒன்றோடொன்று பின்னிச் சுழலும். ஒரு சுற்றுக்கு 1.9 லிட்டர் காற்றைத் தள்ளும். பாரம் இல்லாமல் மெதுவாகப் போகும்போது பைபாஸ் வால்வு திறந்துகொள்வதால், காற்று சும்மா சுற்றி வரும், இழப்பும் குறைவு. டர்போ போல ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்; ஆயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம்மிலேயே இழுவை வந்துவிடும். பாரம் இழுப்பவனுக்கு அந்தக் கீழ்ப்பகுதி இழுவைதான் முக்கியம்.

ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். டர்போ மலையில் இன்னும் வேகமாகச் சுழன்று காற்றுக் குறைவை ஈடுகட்டும். பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரால் அது முடியாது. எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறதோ அந்த விகிதத்தில்தான் சுற்றும். வருகிற காற்றை ஒரே விகிதத்தில் பெருக்கும். கடல் மட்டத்தில் 8 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் அது கூட்டும் அழுத்தம், என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கிட் டென்வரில் ஆறரைதான் காட்டும், சுரங்கப்பாதை வாசலில் ஐந்தை ஒட்டி. மீட்டரைப் பார்த்து ஏதோ கசிகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். கசிவு இல்லை, இயல்பே அதுதான். அங்கிருக்கும் காற்று 9.7, அதோடு 5.2 சேர்த்தால் 14.9. கடல் மட்டத்துக் காற்றை விட ஒரு பொடி அதிகம். 11,000 அடி உயரத்தில், சான் அன்டோனியோ தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்த நாளில் இருந்த பலத்துக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறது. எனக்கு இது போதும். ஐந்நூறு குதிரை என்று விளம்பரத்தில் படித்துவிட்டு மலைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பெட்ரோல் விஷயமும் இதோடு சேர்ந்தது. கொலராடோ பெட்ரோல் பங்க்குகளில் ரெகுலர் என்றால் 85 ஆக்டேன் (அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் பெட்ரோல் தாங்கும் அளவு). மற்ற ஊர்களில் 87. காற்று மெலிந்த இடத்தில் சிலிண்டர் அழுத்தம் குறைவாக இருப்பதால் சாதாரண எஞ்சின் அதை வைத்து ஓட்டிவிடும் என்பது பழைய நியாயம். சூப்பர்சார்ஜர் போட்டால் அந்த நியாயம் போய்விடுகிறது, ஏனென்றால் நாமே அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். குறைந்த ஆக்டேன் போட்டால் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்து நாக்கிங் ஆகும். தொடர்ந்து நாக்கிங் ஆனால் பிஸ்டன் போய்விடும். இங்கே பிரீமியம் என்பது 91. அதற்குக் கீழே நான் போடுவதே இல்லை.

மாட்டிக் கொடுத்தவர் எங்கள் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக். கிட் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், எட்டு சிலிண்டரையும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல் தொட மாட்டேன் என்றார். ஒரு சிலிண்டர் தளர்ந்திருந்தாலும் வேலையை எடுக்கப் போவதில்லை என்றும் சொன்னார். எட்டும் நன்றாக இருந்தன. வாட்டர் பம்ப் பக்கம் ரோஸ் நிறத்தில் கூலன்ட் காய்ந்த தடம் இருந்தது. அதை மாற்றினோம். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியதும் இரண்டு வரிசைச் சிலிண்டர்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். இந்த எஞ்சினில் அங்கே இருக்கும் தகட்டின் ஓரத்தில் கூலன்ட் கசிவது தெரிந்த விஷயம். சூப்பர்சார்ஜர் அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் பிறகு கை விட முடியாது. இப்போதே சீல் புதிதாக்குவோம் என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

மற்றது எல்லாம் பொறுமையான வேலை. பம்பரையும் கிரில்லையும் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு சின்ன ரேடியேட்டர். அழுத்திய காற்று சூடாகும், அதை ஆற்ற இன்டர்கூலருக்குத் தனித் தண்ணீர், தனி மின்சாரப் பம்ப். பெரிய இன்ஜெக்டர்கள், நீளமான பெல்ட், கொஞ்சம் குளிர்ந்த ரகப் பிளக்குகள், கடைசியில் எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புதிய டியூன். பொருளும் கூலியும் சேர்த்து பத்தாயிரம் டாலரை ஒட்டி ஆனது. இதில் பம்ப், சீல் வேலைக்குப் போன பணம்தான் மிக நன்றாகச் செலவழிந்த பணம் என்று நினைக்கிறேன்.

முதல் முறை டிரெய்லரோடு மேலே போனபோது சில்வர் ப்ளூம் ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே வண்டி சீராக ஏறியது. அறுபது மைல். எஞ்சின் கத்தவில்லை, அடியில் ஒரு மெல்லிய விசில் மட்டும். என் மனைவி நிமிர்ந்து பார்த்து, "என்னங்க, ஏத்தம் முடிஞ்சிருச்சா?" என்றாள். என் கண் மீட்டர்களிலேயே இருந்தது. வெளியே 75 டிகிரி ஃபாரன்ஹீட்; உள்ளே போகும் காற்று இன்டர்கூலர் தாண்டி 120. கியர்பாக்ஸ் எண்ணெய் 215-இல் நின்றது. இழுவை கூடினால் கியர்பாக்ஸ் வழியாகப் போகும் விசையும் கூடும். பூஸ்ட்டை விட இந்த மீட்டரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மறுநாள் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஏத்தத்தை விடு கண்ணு. எறக்கத்துக்கு என்ன பண்ணிருக்க?" தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் போன லாரிகளைத் தன் கண்ணால் பார்த்தவர். சுரங்கப்பாதையைத் தாண்டியதும் சில்வர்தோர்ன் வரைக்கும் ஏழு சதவீத இறக்கம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க ஜல்லிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். அங்கே சூப்பர்சார்ஜரால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. வண்டியின் இழுவைத் தகுதி எண்ணும் ஒரு பவுண்டு கூடவில்லை. ஆக்ஸில் அதேதான், ஹிட்ச் அதேதான், சட்டகம் அதேதான். அதனால் கிட் மாட்டிய அதே மாதம் முன் பிரேக் டிஸ்க், பேட், டிரெய்லர் பிரேக் எல்லாம் புதிதாக்கிவிட்டேன். இறங்கும்போது டோ-ஹால் மோடில், அதாவது பாரம் இழுப்பதற்கான கியர் அமைப்பில், இரண்டாவது கியர், மெதுவாக. பலம் கூடிவிட்டது என்று இன்னும் பெரிய டிரெய்லர் வாங்க நினைப்பவர்களிடம் நான் உரக்கவே சொல்வேன்: வாங்காதீர்கள்.

சமவெளியில் இருப்பவர்கள், டிரெய்லர் இல்லாதவர்கள் இதற்குச் செலவு செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. மலையில் வருடம் முழுக்க இழுப்பவர்களுக்கு, அதுவும் வண்டியை இன்னும் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர்களுக்கு, நல்ல முடிவு. வாங்கும் கிட்டுக்குக் கலிபோர்னியா காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புகைப் பரிசோதனைக்குப் போகும் நாளில் அந்த ஸ்டிக்கர் பேசும்.

அடுத்த மாதம் யூஎஸ்-50 வழியாக மொனார்க் கணவாய் ஏறி கன்னிசன் போகிறோம். 11,312 அடி, ஐ-70 போல அகலமும் இல்லை. ஏற்றம் முழுக்க பூஸ்ட், காற்றின் சூடு, கியர்பாக்ஸ் சூடு மூன்றையும் லாக் எடுக்கப் போகிறேன். டன்ட்ரா வைத்திருப்பவர்கள் கேட்டால் அந்த ஃபைலை அப்படியே அனுப்புகிறேன்.