கோவில் ஜன்னலுக்கு ஊர் வரி

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்கு நடுவில் எங்கள் ஊர். எங்கள் கத்தோலிக்கக் கோவில் பிரெஞ்சு சாமியார்கள் காலத்தது. தர்மபுரி மறைமாவட்டம் 1997-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, அதற்கெல்லாம் ரொம்ப முந்தி. பீடத்துக்கு மேலே இருக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் கொஞ்ச காலமாகவே வெளிப்பக்கம் தொப்பை போட்டு நின்றது. போன மழையில் கீழ்ப்பகுதியில் சில துண்டுகள் விழுந்துவிட்டன.

கோவில் காரியங்களைப் பேசி முடிவெடுக்கும் பங்குப்பேரவைக் கூட்டத்தில் முதலில் வந்த யோசனை: மொத்தத்தையும் எடுத்துவிட்டு அலுமினிய ஃபிரேம், அதில் படம் பிரிண்ட் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி. செலவு கம்மி, நாலு நாளில் வேலை முடியும். காலை வெயில் நேராக அடிக்கிற இடம், சில வருஷத்தில் மாதா முகம் வெளுத்துப்போகும் என்று சொல்லிப் பார்த்தேன். சரி, அப்போ நீயே காசு கொடு என்றார்கள். நியாயமான பதில்தான்.

அப்புறம் ஃபாதர் பெங்களூரிலிருந்து இந்த வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்தார். கண்ணாடி கெடவில்லை, ஈயம்தான் தளர்ந்துவிட்டது என்றார் அவர். துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஈயப் பட்டைக்கு இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும், கண்ணாடியின் ஓரம் அதில் உட்காரும். வருஷக்கணக்கில் வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டு ஈயம் வளைகிறது. குறுக்கே கொடுத்த இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் பக்கத்துக் கண்ணாடியையும் உடைக்கும். முகம், விரல், துணி மடிப்பு எல்லாம் கண்ணாடி மேல் தீட்டி 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டவை, அதனால்தான் இத்தனை மழைக்கும் அழியவில்லை. இப்போது காகிதத்தில் அச்செடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு, பிரித்துக் கழுவி, புது ஈயத்தில் கோக்க வேண்டும். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் கூட்டம் அமைதியாகிவிட்டது.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டார்கள். முதல் மாதம் மந்தம்தான். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் போய் ஜன்னலுக்குக் காசு கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. வசூல் சூடு பிடித்தது, கழற்றிய கீழ்ப்பகுதியைக் கோவில் கூடத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்திய பிறகுதான். ஆயுசு முழுக்க அண்ணாந்து பார்த்த சம்மனசை, அதாவது தேவதூதனை, அன்றைக்குத்தான் எல்லாரும் கிட்டத்தில் பார்த்தார்கள். கால் விரலில் நகம் வரைந்திருக்கிறான் பாருங்கள் என்று ஒரு பாட்டி மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். யார் கண்ணுக்கும் எட்டாத உயரத்துக்கு எதற்கு நகம்! அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அன்பியங்களுக்குள், அதாவது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுக்களுக்குள், யார் அதிகம் கொடுப்பது என்று போட்டியே வந்துவிட்டது. திருவிழா ஏலத்தில் ஒரு கூடை தோத்தாபுரி மாங்காய், மண்டி விலை என்ன என்று நன்றாகத் தெரிந்தவர்களாலேயே, பல மடங்கு விலைக்குப் போனது. ஓசூர், பெங்களூரில் வேலை பார்க்கும் பையன்கள் ஜிபேயில் போட்டார்கள்.

இதற்கு நடுவில் வெளிநாட்டில் இருக்கும் என் சித்தப்பா முழுச் செலவையும் தானே ஏற்பதாகச் சொன்னார். அங்கே குடியுரிமை வாங்கியவர். அப்படிப்பட்டவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வரும், அதற்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் பேங்கில் இருக்கும் தனிக் கணக்கில்தான் அந்தப் பணம் முதலில் வந்து சேர வேண்டும். துபாயில் இருக்கும் நம்மூர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தன் சம்பளத்தில் அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. தவிர, தேவாலயச் சீரமைப்புக்கு மாநில அரசு தரும் உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் அந்த வேலைக்கு வெளிநாட்டுப் பணம் வாங்கியிருக்கக் கூடாது. சித்தப்பாவுக்கு வருத்தம்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவர் மொத்தமாகக் கொடுத்திருந்தால் அந்தப் பெஞ்சைச் சுற்றி யாரும் கூடியிருக்க மாட்டார்கள்.

கீழ்ப்பகுதி முடிந்து ஏற்றியாகிவிட்டது. வெளியே ஒரு காப்புக் கண்ணாடி போட வேண்டும், அதுவும் நடுவில் காற்றுப் போக இடைவெளி விட்டு, இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். அதற்கும் மேல்பகுதிக்கும் இன்னும் பணம் தேவை. கணக்கு கோவில் வாசல் போர்டில் ஒட்டியிருக்கிறது. ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் பொருளாளரிடம் கொடுத்து மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.