டிரம் காலியாகும் காலை

வியாசர்பாடியில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடுவது என் வேலை. கையில் டார்ச், தோளில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்துப் பை. தெருவில் நுழைந்ததுமே பிள்ளைகள் "மலேரியாக்காரம்மா வந்துட்டாங்க" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடுவார்கள்.

யாரிடம் பேசினாலும் முதலில் கேப்டன் காட்டன் கால்வாயைத்தான் காட்டுவார்கள். "அத்த சுத்தம் பண்ணுங்கம்மா, கொசு தானா போயிடும்." அந்தச் சாக்கடைக் கொசு பெரிய தொல்லைதான், ராத்திரி தூங்கவிடாது, யானைக்கால் நோயையும் பரப்பும். ஆனால் டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் பகலில் கடிப்பது. நாம் சமைக்கவும் குளிக்கவும் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடும். நகரத்தில் மலேரியா பரப்புகிற அனாபிலஸ் ஸ்டீபன்சிக்கும் மூடாத மாடித்தொட்டியும் கிணறும் போதும்.

சில வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம். ஒரே அறை வீடு, வாசலில் 200 லிட்டர் நீல டிரம். வீட்டுக்கார அக்கா மீன் விற்பவர். "வாரத்துக்கு ஒருக்கா தண்ணியக் கொட்டிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். குடம் குடமாகச் சுமந்து நிரப்பிய தண்ணீரை அவரும் மனசில்லாமல் கொட்டியிருக்கிறார்.

அடுத்த மாதம் அவர் மகளுக்கு டெங்கு. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஸ்கூலுக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே வயிற்றுவலியும் வாந்தியும் வந்துவிட்டன. காய்ச்சல் விட்டதும் வருகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் பயப்பட வேண்டிய நேரம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிள்ளை பிழைத்தாள்.

மறுபடி போய் அந்த டிரம்முக்குள் டார்ச் அடித்தேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரை விரலால் தடவினேன். வழவழப்பான பாசியோடு கறுப்பு மணல் போலப் பொடிப்பொடியாக வந்தது. முட்டைகள். தண்ணீர் வற்றிக் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிந்து, 7 முதல் 10 நாளில் கொசுவாகப் பறந்துவிடும்.

"நீ சொன்ன மாரிதானே கொட்டுனேன் தங்கச்சி" என்றார் அக்கா. கொட்டச் சொன்னேன், தேய்க்கச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

வாசலில் படுத்திருந்த நாயைக் காட்டி, "இது மேல இருக்கிற உண்ணியாலயும் காய்ச்சல் வருமாமே?" என்று கேட்டார். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்கிற ஸ்க்ரப் டைபஸ் நாய் உண்ணியால் வருவதில்லை. புல், புதரில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. பலருக்குக் கடித்த இடத்தில், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ, சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கும். காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் அதைத் தேடிப் பார்த்து டாக்டரிடம் காட்டச் சொன்னேன். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரைக்கே கேட்கிற நோய் அது. அதற்காக நாய் உண்ணியை வெறுங்கையால் நசுக்கலாம் என்று இல்லை. அதுவும் வேறு நோய்களைக் கொண்டுவரக்கூடியது.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் கணக்கையே மாற்றிக்கொண்டேன். தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு என்றைக்கு வரும் என்று பெண்களிடம் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வேன். லாரி வருகிற காலையில் டிரம்மில் அடித்தண்ணீர்தான் கிடக்கும். கொட்டினாலும் யாருக்கும் வயிறு எரியாது.

போன வாரம் அந்த அக்கா வீட்டுக்குப் போனபோது லாரி ஹாரன் கேட்டது. குடங்களைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு ஓடினார். நான் டிரம்மைச் சாய்த்து, தேங்காய் நாரால் உட்சுவரை மேலிருந்து கீழே அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டேன். முதல் குடம் வந்து ஊற்றியதும், மூடிக் கட்ட பழைய வேட்டித் துணியை எடுத்து வந்தாள் மகள்.