திருகோணமலைக்கு 2200 வரை ஒரு அட்டவணை

விஞ்ஞானக் கதைகள் பத்தை ஒரே எதிர்காலத்துக்குள் கோக்க நினைத்தால் முதலில் வேண்டியது ஒரு பெரிய தாள். அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர் றொபேட் ஹைன்லைன் அப்படித்தான் செய்தார்: ஆண்டு, கதை, பாத்திரங்களின் ஆயுள்கோடு, தொழில்நுட்பம், சமூக நிலை எல்லாம் பக்கத்துப் பக்கத்து நிரல்களில். அந்த அட்டவணை 1941 மே மாத 'அஸ்டவுண்டிங்' என்ற விஞ்ஞானக் கதை இதழில் வந்தது. இன்னும் எழுதாத கதைகளுக்கும் அதில் இடம் இருந்தது.

எங்கள் ஊருக்கு ஒன்று போடுவோம். 2040 முதல் 2200 வரை, பத்து ஆண்டுக்கு ஒரு வரி, மொத்தம் 17. துறைமுகத்தில் என்ன நடக்கிறது, எந்தக் கருவி வந்தது, யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்தக் கதை. ஆண்டோடு சேர்த்து ஐந்து நிரல் போதும். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை 2060இல் கழற்றிவிட்டீர்களா? அதற்கென்று தனிக்கதை வேண்டாம். 2090 கதையில் பஸ்ஸில் ஒரு கிழவர் "தம்பி, தாங்கியடியில் இறக்கிவிடு" என்றால் வாசகருக்கு விளங்கிவிடும்.

அதிகம் பிழை வருவது வயதில்தான். 2045இல் மூதூரில் பிறந்தவள் 2130 கதையில் பாய்ந்து படகு ஏறினால், ஆயுளை நீட்டும் மருந்து அதற்கு முன்பே கருவி நிரலில் இருக்கவேண்டும். மருந்து வந்தால் சும்மா வராது. மகளுக்கு வீடு சீதனமாகப் போகிற ஊர் இது. அம்மம்மாவுக்கு அம்மாவும் உயிரோடு இருந்தால் ஒரு வளவுக்குள் எத்தனை வீடு கட்டுவது? அடுத்த கதை அங்கேயே கிடக்கிறது.

செவ்வாயில் இருக்கும் மகனோடு தொலைபேசியில் சண்டை பிடிக்கவும் முடியாது. சமிக்ஞை ஒரு வழி போக 3 முதல் 22 நிமிடம். கப்பல் புறப்படத் தோதான காலம் ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறைதான், ஆகவே "பொங்கலுக்கு வாறன்" என்று வருடாவருடம் சொல்ல வைக்காதீர்கள்.

விஞ்ஞானமும் காலை வாரும். லாரி நிவென் 1964இல், புதன் எப்போதும் ஒரு பக்கத்தையே சூரியனுக்குக் காட்டுகிறது என்று நம்பி ஒரு கதை எழுதினார். 1965இல் ராடார் அவதானிப்பு அதைப் பொய்யாக்கியது. இங்கே கோணேசர் மலையடிக் கடலில் சுழியோடிய ஆதர் சி. கிளார்க் வேறு வழி பிடித்தார். '2001' என்ற 1968 நாவலில் சனிக்குப் போன கப்பலை, '2001' திரைப்படத்தைப் பின்பற்றி, அடுத்த நாவலான '2010'இல் (1982) வியாழனுக்குப் போனதாகவே வைத்துக்கொண்டார். இந்த நாவல்கள் நேர்த் தொடர்ச்சி என்பதைவிட ஒரே கருவின் வேறுபாடுகள் என்றார். ஒரு தொடருக்கு இந்தச் சலுகை ஒருமுறை கிடைக்கும், அடிக்கடி கேட்டால் அட்டவணை எதற்கு?

17 வரியில் ஆறேழை வெறுமையாக விடுங்கள். அசிமோவ் 1980களில் தன் ரோபோ கதைகளையும் பால்வெளி முழுதும் பரந்த பேரரசின் கதைகளையும் இணைத்தபோது, பிந்தியதில் ஏன் ரோபோக்களைக் காணோம் என்பதற்குக் காரணம் கட்டவேண்டி வந்தது. இரண்டுக்கும் இடையே அவர் விட்டிருந்த பல்லாயிரம் ஆண்டுகளில்தான் அந்தக் காரணத்தை வைக்க இடம் கிடைத்தது.