திருவதிகையில் அக்காவோடு

திருவதிகைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அப்பருக்காகத்தான் போகிறார்கள். வயிற்று வலி தீரவேண்டும் என்று நேர்ந்துகொண்டு வருகிறவர்களும் உண்டு. சிவன் வீரம் காட்டிய எட்டு இடங்களான அட்ட வீரட்டத் தலங்களை வரிசையாகப் பார்த்துவரும்போது, திரிபுரம் எரித்த தலம் என்று இங்கே வருகிறவர்களும் உண்டு. நானும் அக்காவும் போனதற்கு இப்படி ஒரு காரணமும் கிடையாது. அத்தான் இறந்தபிறகு அக்கா கோயில் பக்கமே போவதில்லை. கூப்பிட்டால், "அங்க போயி என்னத்தடா கேக்கறது?" என்பாள். திருவதிகை என்றதும் என்ன தோன்றியதோ, புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பண்ருட்டி பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே பலாப்பழ வாசனை. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறினால் கோயில் பக்கம்தான். அப்பரின் பதிகம் முழுக்க வரும் கெடில ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. கோயில் விமானம் தேர் போல இருக்கிறது; முப்புரம் எரிக்கத் தேரில் வந்தவர் அல்லவா. உள்ளே வீரட்டானேசுவரர் பதினாறு பட்டை கொண்ட பெரிய லிங்கம். பின்சுவரில் அம்மையும் அப்பனும். எண்ணெய் விளக்கொளியில் அந்தப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது.

யாரோ ஒரு பெரியவர் 'கூற்றாயினவாறு' பாடத் தொடங்கினார். பெரிய குரல் இல்லை. கொல்லிப் பண்ணில் நிதானமாகப் போனார்.

நான்காம் திருமுறையின் முதல் பதிகம் அது. அப்பர் வாயிலிருந்து வந்த முதல் தேவாரம். ஏழாம் நூற்றாண்டு. மருள்நீக்கியாராகப் பிறந்து, சமண நெறியில் தருமசேனராக உயர்ந்திருந்தவரைச் சூலை நோய் என்ற கடும் வயிற்று வலி பிடித்தது. எதற்கும் அடங்கவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் வந்து விழுந்தார். அவர் திருநீறு கொடுத்து, விடியுமுன் கோயிலுக்கு அழைத்துப்போனார். (இந்தக் கதையைப் பெரிய புராணத்தில் சொல்லும் சேக்கிழார் சமணரைப் பற்றிப் பேசும் இடங்களில் சூடு அதிகம். எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். வயிற்று வலிக்கு மதம் ஏது.)

"வலி போனப்பறம் பாடினாரா, வலியோடயா?" அக்கா காதோரம் கேட்டாள்.

"வலியோடதான்க்கா. பாடப் பாடத்தான் போச்சுங்கறாங்க."

அவள் கேட்டபிறகுதான் நானே பதிகத்தைக் கவனித்துக் கேட்டேன். 'கொடுமைபல செய்தன நான்அறியேன்' என்று முதல் அடியிலேயே சொல்லிவிடுகிறார். என்ன பாவம் செய்தேனோ, எனக்குத் தெரியவில்லை. குடலைப் பிடித்து முறுக்குகிறது, தாங்கமுடியவில்லை. இதையெல்லாம் சொல்லும் அதே மூச்சில் 'அதிகைக் கெடில வீரட்டானத்துறை அம்மானே' என்றும் கூப்பிடுகிறார். பாட்டுக்குப் பாட்டு இதுதான். புலம்பலைத் தனியாகவும் துதியைத் தனியாகவும் பிரித்து எடுக்க வழியில்லை.

பெரியவர் ஆறாவது பாட்டுக்கு வந்தார். 'சலம்பூவொடு தூபம் மறந்தறியேன், தமிழோடிசை பாடல் மறந்தறியேன், நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்.' இத்தனை காலம் வேறு நெறியில் இருந்துவிட்டு வந்தவர் 'மறந்தறியேன்' என்று எப்படிச் சொல்லலாம்? இதற்கு உரைகாரர்கள் பலவிதமாக விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்கு அதில் சிக்கலே இல்லை. "தெனம் திட்டிக்கிட்டு இருந்தா மறந்துட்டோம்னு அர்த்தமாடா?" என்றாள்.

பிறகு திலகவதியார் சன்னிதி. என்னைக் கேட்டால் திருவதிகையில் அதிக நேரம் நிற்கவேண்டிய இடம் இதுதான்.

பன்னிரண்டு வயதில் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு அவரைப் பேசி முடித்தார்கள். திருமணத்துக்கு முன்பே அவர் போருக்குப் போய்விட்டார். இங்கே அப்பா புகழனார் நோயில் போனார். அம்மா மாதினியாரும் கூடவே போனார். பிறகு போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் இறந்த செய்தி வந்தது. 'அவருக்கென்று பேசிய உயிர் இது' என்று உயிரை விடத் துணிந்தவரின் காலில் தம்பி விழுந்து அழுதான். நீங்களும் போனால் உங்களுக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்றான். 'தம்பியார் உளராக வேண்டும்' என்பதற்காக உயிரை வைத்துக்கொண்டார் என்கிறார் சேக்கிழார். கடைசியில் அந்தத் தம்பியும் வேறு நெறிக்குப் போய்விட்டான். கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூமாலை கட்டிக்கொண்டு இருந்தார் திலகவதியார்.

தம்பிக்காக வேண்டியபோது கனவில் பதில் கிடைத்தது: சூலை தந்து ஆட்கொள்வோம் என்று. ஆக, தம்பியின் வலிக்குக் காரணம் அக்காவுக்குத் தெரியும், வலிப்பவருக்குத் தெரியாது. ஆனால் கலிப்பகையார் ஏன் போனார் என்று எந்தக் கனவும் வந்ததாகச் சேக்கிழார் எழுதவில்லை. அந்தக் கேள்விக்குப் பெரிய புராணத்தில் பதிலே கிடையாது.

சொற்பொழிவில் ஒருவர், "கலிப்பகையார் இறந்திராவிட்டால் நமக்கு அப்பர் கிடைத்திருப்பாரா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. ஒருத்தியின் வாழ்க்கை கலைந்ததை நம் லாபக் கணக்கில் எழுதிக்கொள்வது எந்த ஊர் பக்தி? அத்தானின் காரியத்தன்றுகூட ஒரு உறவுக்காரர், "நல்லவங்கள சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்மா" என்றார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"இந்த அம்மா ஒண்ணும் பாடலியா?" என்று திலகவதியார் சன்னிதியில் அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. அறுபத்துமூணு பேர்லயும் இவங்க இல்ல."

"பெருக்கிக்கிட்டே இருந்தாங்களா?"

"ஆமா."

அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாள். கண்ணை மூடவில்லை, கும்பிடவுமில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்து பலாச்சுளை வாங்கினோம். விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி, குறைத்தும் வாங்கிவிட்டாள். அப்பர் பிறந்த திருவாமூரையும் பார்த்துவிடலாம் என்று பேருந்துக்குக் காத்திருந்தபோது, அந்த ஆறாவது பாட்டை போனில் எடுத்துத் தரச் சொன்னாள். இரண்டு முறை படித்தாள்.

"மொத ரெண்டு அடி எனக்கு ஒத்துவராதுடா. பூவும் போடல, பாட்டும் பாடல. பொய் சொல்லக் கூடாது. மூணாவத மட்டும் சொல்றேன்."

"சாமி கோவிச்சுக்காது."

"கோவிச்சுக்கட்டுமே. நானும் கோவமாத்தான் இருக்கேன்."

சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசை வரும், அப்போது திரும்ப வரலாமா என்று கேட்டேன்.

"பாப்போம். அதுக்குள்ள ரெண்டாவது அடி வருதான்னு" என்றாள்.