ஜாலோ: அட்டை கலரே பேரான கதை

இத்தாலிக்காரங்க கிட்ட துப்பறியும் கதைக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்கன்னு கேட்டா 'ஜாலோ'ம்பாங்க, அதுக்கு அர்த்தம் மஞ்சள், அவ்ளோதான், கொலை, மர்மம், போலீஸ் எதுவுமே அதுல கிடையாது. நம்ம மஞ்சள் பத்திரிகை மாதிரி கிசுகிசு சமாச்சாரமும் இல்ல.

1929ல மிலன்ல இருக்கற மொண்டடோரி பதிப்பகம் குற்றக்கதைக்குன்னே ஒரு வரிசை ஆரம்பிச்சாங்க, எல்லா புக்குக்கும் மஞ்சள் அட்டை. முதல் புக்கு அமெரிக்காக்காரர் எஸ்.எஸ். வான் டைன் எழுதினதோட மொழிபெயர்ப்பு, அதே வருஷம் இங்கிலீஷ் துப்பறியும் எழுத்தாளர் எட்கர் வாலஸும் வந்தாரு, அவ்ளோ ஏன், 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதின ஸ்டீவன்சனோட பழைய கதைகளுக்கே மஞ்சள் சட்டை மாட்டி விட்டுட்டாங்க. இது சக்கைப்போடு போட்டதுல மத்த பதிப்பகங்க போடற துப்பறியும் கதையையும் ஜனங்க ஜாலோன்னே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பின்னாடி வந்த அட்டைல மஞ்சளுக்கு நடுவுல சிவப்பு வட்டம், அதுக்குள்ள படம், பார்த்தவுடனே கை போகும்!

முசோலினி ஆட்சிக்கு இது ஆகவே இல்ல. நம்ம நாட்டுல எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு காட்டிக்கறவங்களுக்கு கொலைக்கதை உறுத்தாம இருக்குமா, உள்ளூர் எழுத்தாளர்களையும் கட்டாயம் போடணும்னாங்க, அப்புறம் 1941ல வரிசையையே நிறுத்த வச்சுட்டாங்க. போர் முடிஞ்சு 1946ல திரும்ப வந்துச்சு.

எனக்கு ஆதங்கம் என்னன்னா, இத்தாலிக்கு வெளில இருக்கற சினிமா ரசிகர்கள் ஜாலோன்னா கருப்பு கிளவுஸ், சவரக்கத்தி, அலறல்னு மட்டும்தான் நினைக்கறாங்க. 1963ல இத்தாலி டைரக்டர் மாரியோ பாவா ஆரம்பிச்சு வச்சு 1970ல டாரியோ அர்ஜெண்டோ பிரபலமாக்கின படங்க அது, எனக்கும் பிடிக்கும், ஆனா அது ஒரு கிளைதான். இத்தாலில அகதா கிறிஸ்டியும் ஜாலோதான், முடிச்சு அவிழாத நிஜ கேஸுக்கும் பேப்பர்ல அதே வார்த்தைதான் போடறாங்க.

நிஜமாவே ஜாலோ எவ்ளோ தூரம் போகும்னு தெரியணும்னா சிசிலி எழுத்தாளர் லியனார்டோ ஷாஷா 1961ல எழுதின மாஃபியா நாவலைப் படிங்க. சிசிலில பஸ் ஏறப் போன ஒருத்தரை சுட்டுடறாங்க, போலீஸ் வர்றதுக்குள்ள பஸ்ல இருந்தவங்க எல்லாரும் இறங்கி காணாம போயிடறாங்க, மிச்சம் இருக்கறவங்களும் எதையும் பார்க்கலைன்னு சாதிக்கறாங்க. விசாரிக்கற கேப்டன் பெல்லோடி யாரு என்னன்னு கண்டும் பிடிச்சுடறாரு, ஆனா மேலிடத்து ஆளுங்க கேஸையே கலைச்சுடறாங்க.