ஓடிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும் ஹார்ட் டிஸ்க்

"டிஸ்க் முடிஞ்சு தம்பி, புதுசு ஒண்டு போடுங்க" என்று டவுன் கடையில் கொம்பியூட்டர் பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது, பத்தில் எட்டுப் பேருக்கு அதுதான் பதிலாக இருக்கும். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. முடியப்போகிற டிஸ்க் இழுபறிப்படும், மெதுவாகும், கோப்பு திறக்காது. என்னுடையது அப்படியில்லை. நன்றாக ஓடும், பிறகு திடீரென்று 'டி' டிரைவே இருக்காது. கொஞ்ச நேரத்தில் தானாக வந்து நிற்கும்.

கல்யாண வீடு, சாமத்தியம், மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தம் என்று நான் எடுத்த வீடியோ எல்லாம் அந்த 2 டெராபைட் டிஸ்க்கில்தான் கிடந்தது. பெரிய கோப்பு ஒன்றைக் கொப்பி பண்ணத் தொடங்கினால்தான் இந்தக் கூத்து. சும்மா இருக்கும்போது விழுவதில்லை. அதனால் டிஸ்க்கை உறங்க வைக்கிற பவர் செட்டிங்கைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. அது வேலையில்லாத டிஸ்க்கைத்தான் நிறுத்தும்.

கொம்பியூட்டரில் நடந்ததைப் பதிந்து வைக்கும் வின்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்தால், ஒவ்வொரு முறை விழுந்த நேரத்திலும் 129ஆம் இலக்கக் குறிப்பு, அதன் பின்னால் 157. முதலாவது, டிஸ்க் பதில் தராததால் கன்ட்ரோலர் அதை ரீசெட் செய்த குறிப்பு. இரண்டாவது, டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுபோனதாம். டிஸ்க்கில் பழுதான இடத்தை (செக்டரை)ச் சொல்லும் 7ஆம் இலக்கத்தைத் தேடினேன், ஒன்றுகூட இல்லை.

டிஸ்க்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் வின்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டிப் பார் என்று சிலர் சொன்னார்கள். நான் தொடவில்லை. திருத்தி எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் கழன்றால் இருக்கிற கோப்புகளும் குழம்பிப் போகும். முதலில் வீடியோவை வெளியே எடுக்க வேண்டும். காத்தான்குடி நண்பனிடம், டிஸ்க்கை வெளியே செருகி யூஎஸ்பி வழியாகப் படிக்கிற டொக் ஒன்று இருந்தது. "அதின்ட கரண்ட் அடப்டரையும் கொண்டு போ மச்சான், அது இல்லாட்டி அந்த டிஸ்க் சுத்தாது" என்றான். சரிதான். யூஎஸ்பி வயரில் வருவது 5 வோல்ட், மூன்றரை அங்குல டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். டொக்கில் போட்டு இரவு கொப்பிக்கு விட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் எல்லாம் முழுசாக வந்திருந்தது, ஒருமுறைகூட விழவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, வருத்தம் டிஸ்க்குக்கு இல்லை, பெட்டிக்கு.

பெட்டிக்குள் டிஸ்க்குக்குப் போவது இரண்டே வயர்: டேட்டா ஒன்று, கரண்ட் ஒன்று. இதில் எது என்று பிடிக்கக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் இலவச மென்பொருள் போதும். டேட்டா கேபிள் பிழை என்றால் சி7 என்ற வரியில் சிஆர்சி பிழை (வயரில் டேட்டா சிதைந்த தடவை) எண்ணிக்கை ஏறும். அந்த எண் ஒருமுறை ஏறினால் பிறகு இறங்காது, ஆகவே எவ்வளவு இருக்கிறது என்பதைவிட ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எனக்கு அது அசையவே இல்லை. அசைந்தது மேலே இருந்த 'பவர் ஆன் கவுண்ட்'. டிஸ்க்குக்குக் கரண்ட் புதிதாக வருகிற ஒவ்வொரு தடவையும் அது ஒன்று கூடும். கொம்பியூட்டரை நிறுத்தாமலே டிஸ்க் விழுந்து எழும்பிய பிறகு பார்த்தால் எண் கூடியிருந்தது. காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டாலும் விளங்கியது: சின்ன 'டிக்', சுழற்சி இறங்கும் சத்தம், பிறகு திரும்ப ஏறும் சத்தம்.

பவர் சப்ளையை மல்டிமீட்டரால் அளந்தேன். 12 வோல்ட் வயரில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நின்றால் சரி, நின்றது. கண் இமைக்கும் நேரத்து இறக்கத்தை மீட்டர் காட்டாது என்பது வேறு விஷயம். மிச்சம் இருந்தது சப்ளைக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நின்ற அடப்டர் வயர். சப்ளையில் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கிற சாட்டா பிளக் போதாமல், பழைய நாலு ஓட்டை மொலெக்ஸ் பிளக்கிலிருந்து மாற்றுகிற மலிவு வயர் போட்டிருந்தது.

அதைக் கழற்றினால், மஞ்சள் வயர் வருகிற ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தேயிலைச் சாயம்போல் பழுத்திருந்தது. உள்ளே உலோகக் குழாய் விரிந்து, நுனியில் பச்சைப் பூ. மஞ்சள்தான் 12 வோல்ட். தொடுப்பு தளர்ந்தால் அந்த இடம் சுடும், சுட்டால் இன்னும் தளரும், டிஸ்க் கூடுதலாக இழுக்கும்போது வோல்ட் விழும். நாங்கள் இருப்பது கல்லடியில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரம். உப்புக்காற்று யன்னல் கம்பியையே தின்னுகிறது, இது எந்த மூலை. இந்த வகை அடப்டர், அதிலும் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை, உள்ளுக்குள் ஷோர்ட் ஆகித் தீப்பிடிப்பதும் உண்டு. இனி என் வீட்டுக்குள் அது வராது.

புது அடப்டர் வாங்கவில்லை. வருஷக்கணக்காகத் தொடாத டிவிடி டிரைவில் சப்ளையின் சொந்த சாட்டா பிளக் ஒன்று வீணாகக் கிடந்தது, அதைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுத்தேன். தீர்த்தத் திருவிழா வீடியோ முழுவதையும் திரும்ப உள்ளே ஏற்றினேன், ஒரே மூச்சில் போனது. பவர் ஆன் கவுண்ட் இப்போது நான் சுவிட்சைப் போடும்போது மட்டும்தான் கூடுகிறது.